சூசை இழுவை

என் அப்பா சூசைக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. ஆகவே அந்தச் சொல்லை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் இனி என்ன செய்வீர்கள்?

நீங்கள் போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளில் உங்களோடு பேச வேண்டும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பூசையில் உங்கள் பெயரை வாசிக்கும்போது முழங்கால் போட்டேன், மெழுகுதிரி கொளுத்தினேன், அவ்வளவுதான். இந்த ஐப்பசி மழையில்தான் உங்களிடம் கேட்க வேண்டியவை சேர்ந்துபோயிருக்கின்றன. வாயால் கேட்க வழியில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. தோட்டத்து லயத்தில் உங்கள் காம்பராவுக்குக் கூரைத் தகரம் மாற்றியாயிற்று, ஆனால் பழைய ஒழுக்கு பழைய இடத்திலேயே இருக்கிறது. தம்பி அருள் இன்னும் கொழும்பில் அதே செருப்புக் கடையில் நிற்கிறான். நான் இன்னும் பிள்ளைக் காம்பரா வேலையில்தான். காலையில் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பல்லில்லாத பதினான்கு பேருக்குக் கஞ்சி ஊட்டுவது இப்போது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

இனி பெரிய செய்தி. உங்கள் சாக்ஸபோன் என்னிடம் இருக்கிறது. அதை நான் ஊதுகிறேன்.

இதைக் கேட்டதும் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். வலது புருவம் மேலே போகும், வாய் ஒரு கோடாகிவிடும். அந்த முகத்தை நான் பதினான்கு வயதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்குமா தெரியாது. எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது.

பன்னிரண்டு வயதிலிருந்து அந்த சாக்ஸபோனைத் துடைக்கிற வேலை என்னுடையது. நீங்கள் சாவு வீட்டில் ஊதிவிட்டு வந்து பெட்டியை என் முன்னால் வைப்பீர்கள். உள்ளே துணி விட்டு ஈரத்தை எடுத்து, ஒவ்வொரு சாவியாகத் துடைத்து, மறுபடி பெட்டியில் படுக்க வைப்பேன். எந்தச் சாவி எந்த விரலுக்கு என்று ஊதாமலே எனக்கு மனப்பாடம். அருளுக்கு நீங்கள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது, நான் சுவருக்கு இந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டே என் விரல்களை அசைத்துப் பார்ப்பேன். அவன் இரண்டு மாதத்தில் சலித்துப்போய் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அப்போதாவது என் பக்கம் திரும்புவீர்கள் என்று பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் டவுனுக்குப் போயிருந்தீர்கள் என்று நினைத்து, வாயில் வைத்து ஒரே ஒரு தடவை ஊதிவிட்டேன். வாத்து கத்தியது போல ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் நீங்கள். நீங்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஊதுகிற முனையைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய், கொதிக்கிற வெந்நீரைச் சட்டியோடு அதன்மேல் ஊற்றினீர்கள். கறுத்த முனை, ஒரு நாற்றத்தோடு பச்சையும் பழுப்புமாக மாறிப்போயிற்று. அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதையாவது கவனித்தீர்களா?

அதற்குப் பிறகும் நான் துடைத்தேன். கல்யாணமாகி மேல் லயத்துக்குப் போன பிறகும் இறங்கி வந்து துடைத்தேன். மொத்தம் இருபது வருடம். என்னைப் போல ஒரு மடைச்சி இந்தத் தோட்டத்தில் இருந்திருக்க மாட்டாள்.

நீங்கள் செத்ததும் பெட்டியை அருள்தான் கொழும்புக்குக் கொண்டுபோனான். மகனுக்குத்தானே சேர வேண்டும். நீங்கள் போன மறு வருடம் அவன் அறையில் அது அலுமாரிமேல் பூஞ்சணம் பிடித்துக் கிடப்பதைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போகவா என்று கேட்டேன். தூசி போனால் போதும் என்றான். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வட்டகொடைக்கு வந்து சேர்ந்தேன். பச்சையும் பழுப்புமான அதே முனை உள்ளே இருந்தது. நாற்பது வயதில் அதை இரண்டாம் தடவையாக வாயில் வைத்தேன்.

சொல்லிக்கொடுக்க யாருமில்லை. உங்களைத்தான் கேட்டுக் கேட்டுப் படித்தேன். சாவு வீட்டில் எடுத்த வீடியோக்களைச் சொந்தக்காரர்கள் போனில் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அவற்றை வாங்கினேன். படத்தில் சவப்பெட்டியைச் சுற்றி எல்லோரும் அழுவார்கள், ஓரத்தில் நீங்கள் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், பிள்ளைக் காம்பராவின் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வரியைப் பத்துத் தடவை போட்டுக் கேட்டு, அதே மாதிரி வரும்வரை ஊதுவேன்.

அதே மாதிரி என்றால் என்ன? 'சூசை இழுவை'தான். அட்டன் பக்கத்திலிருந்து தலவாக்கலை வரைக்கும் வேதக்காரர் வீட்டு அடக்கம் என்றால் அதற்குத்தானே உங்களைக் கூப்பிட்டார்கள். மேல் சுரத்திலிருந்து கீழே இறங்கும்போது உங்கள் சுரம் நேரே வராது. முதலில் வெறும் மூச்சு வரும். பிறகு தயங்கித் தயங்கி, தொண்டை அடைத்தவர் பேசுவது போல, சுரம் வரும். அந்த இடத்தில் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். சூசைதான் ஊதுகிறாரா, செத்தவர் பேசுகிறாரா என்று சொல்வார்கள்.

அது வர எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. தொண்டையை இறுக்கி, உதட்டைத் தளர்த்தி, மூச்சை முன்னால் விட்டு, சுரத்தைப் பின்னால் கொண்டுவந்து, தலைசுற்றி விழாத குறையாகப் பழகினேன். வந்தபோது நான் உட்கார்ந்து அழுதேன் அப்பா. அந்த அழுகை சந்தோசத்தில்தான்.

உங்களோடு கோர்னெட் ஊதின பீட்டர் மாமா என்னைத் தன் வாத்தியச் செட்டில் சேர்த்துக்கொண்டார். பொம்பளை ஊதுவதா என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். முதல் அடக்கத்தில் நான் அந்த இழுவையைப் போட்டதும் முணுமுணுப்பு நின்றுபோயிற்று. கிழவிகள் வந்து என் முகத்தைத் தடவி, "அப்புடியே சூசை" என்றார்கள். அடுத்த அடக்கத்திலும் அதேதான். அடக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டின எந்தப் பாதையில் நடந்தாலும், நான் ஊதி முடித்ததும் ஆட்கள் பேசுவது உங்களைப் பற்றித்தான். சூசை அப்படி ஊதுவார், இப்படி ஊதுவார் என்பார்கள். சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு நான் ஒருத்தி அங்கே நிற்பதே அவர்களுக்கு மறந்துவிடும்.

முதலில் பெருமையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. உயிரோடு இருந்தபோது என்னை ஊத விடவில்லை, செத்த பிறகு என் மூச்சை வாங்கி நீங்கள் ஊதுகிறீர்கள். இது என்ன நியாயம்?

இந்த வருடம் ஆவணியில் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வாத்தியக் குழுவுக்கு சாக்ஸபோன் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். குழுவை நடத்துகிறவர் ரொஷான் என்ற சிங்கள ஆள், கீபோர்டு வாசிக்கிறவர். என்னை மரியாதையாக உட்கார வைத்து, நான் ஊதின மூன்று பாட்டையும் கடைசிவரை கேட்டார். பிறகு சிங்களத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஒரு வயதான மனிதர் வாசிக்கிறது. இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் இன்னொன்றும் சொன்னார். மூன்று பாட்டும் வேறு வேறு, ஒன்று கல்யாணப் பாட்டு, ஆனால் மூன்றிலும் நான் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அழுகிறேனாம். அழுகையைச் சட்டை போல மாட்டிக்கொள்ள முடியாது என்றார். பிறகு சாக்ஸபோனை வாங்கிச் சாவிகளை மூடித் திறந்து பார்த்துவிட்டு, இதில் எங்கோ காற்று கசிகிறது, முதலில் போய் அதைப் பாருங்கள், மார்கழி கழித்து மறுபடி வாருங்கள் என்று அனுப்பினார்.

கண்டியில் வாத்தியங்களைப் பழுது பார்க்கிற கைவேலைக்காரர், ஒரு பாஸ் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சின்ன விளக்கைக் கம்பியில் கட்டி சாக்ஸபோனுக்குள்ளே இறக்கினார். கடை விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு சாவியாக மூடினார். மற்றதெல்லாம் மூடினால் இருட்டு. இடது கை மோதிர விரல் சாவியை மூடினால் மட்டும் ஓரத்தில் நகம் போல வெளிச்சம் தெரிந்தது.

அந்தச் சாவியை எனக்குத் தெரியும். இருபது வருடம் துடைத்தவள் அல்லவா. துளையை மூடுகிற அதன் அடித்தோல் மட்டும் மற்றதைப் போல வெளிறி மெத்தென்று இருக்காது, தடித்த காப்பி நிறத்தில் இருக்கும். ஏன் என்று ஒரு நாள் கேட்டதற்கு, "அது விசேசமான சாவி. அதுல மட்டும் கை வைக்காத" என்றீர்கள். நான் அதை மாதா சுரூபத்தைத் துடைப்பது போலத் தொட்டும் தொடாமலும் துடைத்தேன்.

பாஸ் அதை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். இது சாக்ஸபோன் தோலே இல்லை, மெஷின் பெல்ட்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றார். இது மூடவே மூடாது, காற்று போய்க்கொண்டே இருக்கும், இதற்குக் கீழே இருக்கிற சுரம் எதுவும் நேரத்துக்கு வராது, முதலில் மூச்சுத்தான் வரும் என்றார். இத்தனை நாளாக இதை வைத்து எப்படி ஊதினீர்கள் என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்பா, அந்தக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஒரு வருடம் தொண்டை வலிக்க வலிக்கப் படித்தது ஒரு ஓட்டையை. உங்கள் துக்கம் என்று நினைத்து நான் பிரதி எடுத்தது, நீங்கள் வேலை செய்த ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மெஷினின் பெல்ட்டை.

புதுத் தோல் போட்டுக் கொடுத்தார். அங்கேயே ஊதிப் பார்த்தேன். கீழ்ச் சுரம் கூப்பிட்ட உடனே வந்து நின்றது. தயக்கம் இல்லை, மூச்சு இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது. எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பழைய தோல்துண்டை ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த அடக்கத்தில் நான் சரியாக ஊதினேன். ஒரு சுரம் தப்பவில்லை. ஒருத்தரும் அழவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒரு கிழவி, உடம்புக்குச் சரியில்லையா புள்ள என்று கேட்டார். பீட்டர் மாமா என்னோடு சேர்ந்து நடந்தார். பிறகு சுற்றி வளைத்து விசயத்துக்கு வந்தார். அந்தத் தோலை மறுபடி ஒட்டிவிடலாமா என்றார்.

"எந்தத் தோல் மாமா?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். நான் தோலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவி பழுதாயிருந்தது, சரி பண்ணினேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவருக்கு எப்படித் தெரியும்? பாதையோரக் கல்லில் அவரை உட்கார வைத்துவிட்டேன். சொல்லாமல் எழுந்திருக்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்தது.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது நடந்ததாம். லயத்து எலி ஒன்று பெட்டிக்குள் புகுந்து அந்த ஒரு சாவியின் தோலைக் கடித்துத் தின்றுவிட்டது. மறுநாள் காலையில் ஒரு அடக்கம் இருந்தது, கண்டிக்குப் போக நேரமில்லை. நீங்கள் ஸ்டோரில் தேய்ந்து கழித்துப் போட்ட பெல்ட்டில் ஒரு துண்டை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொண்டு போனீர்கள். சுரம் இழுத்துக்கொண்டு வந்தது. ஏசப்போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டே ஊதினீர்களாம். பார்த்தால் சனம் மொத்தமும் அழுகிறது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக உங்கள் கையைப் பிடித்துக் கும்பிட்டார்களாம். அதற்குப் பிறகு நீங்கள் கண்டிக்குப் போகவே இல்லை.

எலிக்குத்தான் முதலில் கைதட்டியிருக்க வேண்டும்.

அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் சாவு ஞாபகம் வந்தது. ஒன்பது வருடமாக என் நெஞ்சில் கிடக்கிற கல் அது. வாசலில் அம்மாவை வைத்திருக்கிறார்கள். தோட்டத்தின் மூன்று டிவிசன் சனமும் வந்திருக்கிறது. யார் யாருக்கோ ஊதினவர், பெண்டாட்டிக்கு இன்றைக்கு என்ன ஊதப்போகிறார் என்று எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். நீங்கள் பலகையில் உட்கார்ந்து, சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை வாயில் வைக்கவில்லை. முடியவில்லை, நீங்கள் தூக்குங்கள் என்று மட்டும் சொன்னீர்கள். பீட்டர் மாமா தனியாக கோர்னெட் ஊத, அம்மா போனார்.

அதையாவது துக்கம் என்று விட்டிருப்பேன். எட்டாம் நாள் கீழ் டிவிசனில் ஒரு கணக்கப்பிள்ளையின் தாய்க்கு நீங்கள் போய், கண்ணை மூடிக்கொண்டு, மலை உருக ஊதினீர்கள். அன்று பெட்டியை என் முன்னால் வைத்தபோது நான் தொடவில்லை. அதற்குப் பிறகு தொடவே இல்லை. ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை.

இதைத்தான் பீட்டர் மாமாவிடம் கேட்டேன். எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் ஊதவில்லை என்று. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊதத்தான் வந்தாரு ஜெசி. தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்குப் பின்னால என்னையக் கூட்டிட்டுப் போயி அழுதாரு. 'பீட்டரு, இது அழுகை இல்லடா, ஓட்டை. ஊராளுங்களுக்கு ஊதிட்டேன். மரியாயிக்கு எப்புடிடா இத ஊதுறது'ன்னு கேட்டாரு. நான் என்னான்னு சொல்றது?"

ஒரு நிமிடம் என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், கண் கலங்கிற்று. அம்மாவிடம் மட்டுமாவது ஏமாற்ற மனம் வரவில்லையே என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடம் உங்களை எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த நிமிடமே மறுபடி ஏறிவிட்டது. ஏனென்றால், உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் ஊதியிருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். அம்மா ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். போகப்போகிறார் என்று டாக்டர் சொல்லியாயிற்று. வட்டகொடையில் ஏறினால் கண்டி ஒரு ரயில் தூரம். ஒரு நாள் போய் அந்தத் தோலை மாற்றிக்கொண்டு வந்திருந்தால், அம்மாவுக்கு உங்கள் சொந்த மூச்சில் ஒரு பாட்டு கிடைத்திருக்கும். நீங்கள் போகவில்லை. மாற்றிவிட்டால் பிறகு சூசை இழுவை வராது, சனம் கும்பிடாது. கும்பிடு வேண்டும் என்பதற்காக அம்மாவைச் சும்மா அனுப்பினீர்கள்.

இல்லை என்றால் சொல்லுங்கள். வேறு காரணம் இருந்தால் நான் கேட்கிறேன். மூன்று வாரமாக நானே உங்களுக்காக ஒரு காரணத்தைத் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பதினான்கு வயதில் என் வாய் பட்டதற்கு வெந்நீர் ஊற்றினீர்களே, அது எதற்கு? பொம்பளைப் பிள்ளை எச்சில் என்றா? இல்லை, இவள் ஊதப் பழகினால் ஒரு நாள் அந்தச் சாவியைக் கண்டுபிடித்துவிடுவாள் என்றா? எதுவாக இருந்தாலும் எனக்கு வலிக்கத்தான் போகிறது. ஆனால் எது என்று தெரிந்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.

தோலை மறுபடி ஒட்ட மாட்டேன் என்று பீட்டர் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் என்ன செய்யப்போகிறாய் என்றார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. சுத்தமாக ஊதினால் மரக்கட்டை. உங்களைப் போல ஊதினால் திருட்டு. இரண்டுக்கும் நடுவில் என்னுடையது என்று எதுவும் இல்லை. கொஞ்ச நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை.

திறக்க வைத்தது கொழுந்து எடுக்கிற பெண்கள்தான். பிள்ளைக் காம்பராவுக்குக் கீழே செங்குத்தான ஒரு மலை இருக்கிறது அல்லவா, அதில்தான் அவர்கள் சுமையோடு ஏறி வருவார்கள். ஏறும்போது வாய் ஓயாது. ஆனால் சுமையோடு ஏறுகிறவர்களால் ஒரு பேச்சை முழுதாகப் பேச முடியாது. இரண்டு சொல், ஒரு அடி, மூச்சு, பிறகு மிச்சம். நீங்கள் ஸ்டோர் வேலைக்காரர், இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அம்மா அப்படித்தான் பேசுவார். மேட்டிலிருந்து, "ஜெசி... அடுப்புல பருப்பு... பொங்கிறப்போவுது" என்பார். முக்கியமான சொல் எப்போதும் மூச்சுக்குப் பிறகுதான் வரும். அந்தச் சொல் வரும்வரை நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். படுக்கையில் கிடந்த கடைசி மாதத்திலும் அம்மா அப்படியே பேசினார், மலை மட்டும்தான் இல்லை.

ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றபோது எனக்குப் பொறி தட்டிற்று. அதுவரை பாட்டு எங்கே இடம் விட்டதோ அங்கேதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மாதா பாட்டை எடுத்து, அம்மா அதை மேடேறிக்கொண்டே பாடினால் எங்கே மூச்சு வாங்குவார் என்று யோசித்து, அங்கங்கே நிறுத்தினேன். நிறுத்திய பிறகு வருகிற சுரத்தை உரத்து ஊதாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலச் சின்னதாகத் தொடங்கி, வளர விட்டேன். அழுகையை நான் எங்கேயும் வைக்கவில்லை. சுமையை மட்டும் வைத்தேன்.

வரவே இல்லை. இரண்டு வாரம் முழுதாக, விக்கல் எடுத்தவள் ஊதுவது போலத்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் தங்கின குழந்தை ஒன்று காதைப் பொத்திக்கொண்டது. விடாமல் ஊதினேன். உங்கள் பிடிவாதம் எனக்கும் இருக்கிறது, அதையும் திருப்பித் தர முடியாதே.

போன வியாழக்கிழமை, கதவைச் சாத்த மறந்து ஊதிக்கொண்டிருந்தேன். தன் மகளைக் கூட்டிப்போக வந்த கலா வாசலிலேயே நின்றுவிட்டாள். கலா கொழுந்து எடுக்கிறவள், கல்யாணமாகி வேறு தோட்டத்திலிருந்து வந்தவள். உங்களைப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. நான் முடித்ததும் உள்ளே வந்தாள்.

"யாரோ சுமையோட மேடேறி வர்றாப்புல இருக்குக்கா," என்றாள். "வந்து சேந்துட்டாங்கதானே?"

நான் அவள் மகளைத் தூக்கி அவளிடம் கொடுத்தேன். அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இத்தனை நாளில் நம் தோட்டத்தில் நான் ஊதி முடித்ததும் உங்கள் பெயரைச் சொல்லாத முதல் ஆள் அவள்தான்.

இனிமேல் அடக்கத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறையலாம். சூசை இழுவை கேட்கிறவர்களிடம் அது இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பீட்டர் மாமாவுக்கு என்மேல் மனத்தாங்கல். மார்கழி கழிந்ததும் நுவரெலியாவுக்குப் போய் ரொஷானிடம் மறுபடி ஊதிக் காட்டுவேன். எடுத்தால் எடுக்கட்டும், விட்டால் விடட்டும். ஆனால் அதற்கு முன்னால் போக வேண்டிய ஒரு இடம் இருக்கிறது.

கல்லறைத் திருநாள் வருகிறது. சனம் முழுக்கப் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரியோடு வந்து நிற்கிற நாள். உங்களையும் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம். அன்றைக்கு நான் சாக்ஸபோனோடு வருவேன். இது சத்தியம். அம்மாவின் தலைமாட்டில் நின்று, அம்மாவுக்கு மட்டும், நீங்கள் ஊதாமல் விட்ட பாட்டை ஊதுவேன். ஒன்பது வருடம் பிந்திவிட்டது. அம்மா மேடேறி வருகிறவர், காத்திருக்கப் பழகினவர்.

நீங்கள் பக்கத்தில்தான் கிடப்பீர்கள். காதைப் பொத்திக்கொள்ள உங்களால் முடியாது. கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நெருப்புப் பெட்டியையும் கொண்டுவருகிறேன். உள்ளே இருக்கிற தோல்துண்டை உங்கள் கால்மாட்டில் குழி தோண்டிப் புதைத்துவிடுவேன். அது உங்களுடையது. எனக்கு வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பச்சையும் பழுப்புமான முனையைக் கழற்றி, உங்கள் கண் முன்னாலேயே, என் சேலைத் தலைப்பில் துடைத்துப் பெட்டியில் வைப்பேன். வெந்நீர் கொண்டுவர மாட்டேன், அப்பா.

இருபது வருடம் துடைத்தவள்,
இப்போது ஊதுகிறவள்,
மரியாயி பெற்ற உங்கள் மூத்த மகள்
ஜெசிந்தா